உட்கார்ந்துகொண்டு ஏறும் மலை

டிச. 1, திங்கள்

காலையில் இருந்து பிசுபிசுவென்று தூறல். மரவள்ளி பிடுங்கப் போன ஆட்கள் பாதியில் திரும்பினார்கள். நான் நர்ஸாக இருக்கிற சப்-சென்டர் கூரை ஒழுகி ஊசிப் பதிவேடு நனைந்தது. அடுப்புக்கு மேலே காய வைத்தேன். ஓரம் கருகிவிட்டது. ஆபீசர் வந்து கேட்டால் என்ன சொல்வது? யோசிக்க வேண்டும்.

பெரிய விஷயத்தை விட்டுவிட்டுப் பதிவேட்டைப் பற்றி எழுதுகிறேன் பார். டிக்கெட் எடுத்தாயிற்று! சனிக்கிழமை நானும் அஞ்சலையும் சேலம் ஜங்ஷன் போய் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கினோம். அஞ்சலை பக்கத்து சப்-சென்டர் நர்ஸ், என்னைவிட ஒன்பது வயது சின்னவள். போக வேண்டியது இப்படி:

18 வியாழன் மத்தியானம் சின்னசேலத்தில் பாசஞ்சர். சாயங்காலம் சேலம். ராத்திரி மேட்டுப்பாளையம் வண்டி. 19 வெள்ளி காலை அங்கிருந்து ஊட்டி மலை ரயில். நடுவில் பல் வைத்த தண்டவாளமாம். குகை நிறைய. பாலம் அதைவிட நிறைய. அஞ்சலையோடு படித்த நர்ஸ் ஒருத்தி ஊட்டியில் வேலை பார்க்கிறாள். இரண்டு ராத்திரி அவள் குவார்ட்டர்ஸில்.

டிக்கெட் அஞ்சலையிடம். என்னிடம் இருந்தால் தொலைத்துவிடுவேன் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "வாரா வாரம் கல்வராயன் மலை ஏறி எறங்கிக்கினு கீற. உனுக்கு மலை பாக்க டிக்கெட்டா?"

அதனால்தான் என்றால் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார். பதினைந்து வருஷமாக ஊசி மருந்து ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுகிறேன். மலையில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், அடுத்து கால் வைக்க வேண்டிய கல்லைப் பார்த்தேன். அவ்வளவுதான். சாகிறதுக்குள் ஒரு தடவை உட்கார்ந்துகொண்டு மலை ஏற வேண்டும். பெட்டி இல்லாமல். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆனால் நாள் பார்த்துக் கொடுத்தது அவர்தான். ஊருக்கே நாள் பார்ப்பவர். போர் போட, மாடு வாங்க, பெண் பார்க்கப் போக, எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருவார்கள். காசு வாங்க மாட்டார். மரியாதை மட்டும் போதும். பஞ்சாங்கத்தை மடியில் விரித்து, "புதன் பிரதமை, ஆவாது. வெள்ளி மேக்கே சூலம். வியாழன் கௌம்பு, ஜம்முனு போய்ட்டு வருவ" என்றார்.

டிச. 3, புதன்

ஊசி நாள். கச்சிராயபாளையம் வரை பஸ், பிறகு நடை. மேகம் மலைமேல் இறங்கி உட்கார்ந்திருந்தது, பத்தடிக்கு மேல் தெரியவில்லை. குழந்தைகள் 14. இரண்டு அம்மாக்கள் எங்களைப் பார்த்ததும் கொல்லைப் பக்கமாக ஓடிவிட்டார்கள். அஞ்சலை துரத்திப் பிடித்தாள். எனக்கு முட்டி வலி.

மத்தியானம் வழக்கமான பாறை. என் தயிர்ச்சோறு, அவள் கருவாட்டுக் குழம்பு. ஒரே மூடியில் கொட்டிப் பிசைந்து சாப்பிட்டோம். ஒன்பது வருஷமாக இப்படித்தான்.

சாமை காயவைத்துக்கொண்டிருந்த மலைக்காரம்மா ஒருத்தி, "ரெண்டு பேரும் எங்கியோ போறீங்களாமே" என்றாள். சொன்னேன்.

"அங்கியும் மலைதானா?"

"ஆமா."

"ஏன், இது நல்லால்லியா?"

அவள் பிள்ளைக்கு எடை பார்த்தேன்.

கொண்டுபோக: ஸ்வெட்டர் (வாங்க வேண்டும்), முறுக்கு, புளிசாதம், முட்டிக்குத் தைலம், டார்ச், அஞ்சலைக்கு வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம். அவளுக்கு வராது. எனக்குத்தான் வரும்.

டிச. 8, திங்கள்

வெயில். கள்ளக்குறிச்சி போனேன். நாலு கடை ஏறி இறங்கினேன். "இங்க யாருங்க ஸ்வெட்டர் கேக்குறாங்க, கொயந்தைங்க குல்லாதான் கீது" என்றார் ஒருவர். கடைசியில் ஒரு கடையில் ஆம்பிளை ஸ்வெட்டர் கிடைத்தது. சாம்பல் நிறம். போட்டுப் பார்த்தால் கான்ஸ்டபிள் மாதிரி இருக்கிறேன். பரவாயில்லை.

பஸ் ஸ்டாண்டில் மைக் கட்டிய ஜீப். இட ஒதுக்கீடு வேண்டும், நம் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் வேண்டும் என்று பேச்சு. இப்போது எங்கே போனாலும் இதேதான். பஸ் அரை மணி லேட்.

வீட்டுக்கு வந்தால் கழுவாத டம்ளர் ஏழு. அவருடைய சித்தப்பா மகன் மாணிக்கமும் கூட்டாளிகளும் வந்து போனார்களாம்.

"எதுக்கு?"

"நாள் கேக்கத்தான்."

எதற்கு நாள் என்று நான் கேட்கவில்லை. தினம் யாராவது கேட்டு வருகிற வீடு இது.

டிச. 10, புதன்

மழை இல்லை. காற்று.

ஊசி முடித்து இறங்கி, பதிவேடு வைக்க சப்-சென்டர் போனேன். சுவரில் நோட்டீஸ், பசை காயவில்லை. 18ஆம் தேதி வியாழன் காலை எட்டு மணி முதல் சின்னசேலம் பக்கம் ரயில் மறியல், சாலை மறியல். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம்.

மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் 18 தான், வியாழன்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "இந்த நாள யாரு பாத்துக் குடுத்தது?"

"நான்தான்" என்றார், பெருமையாக.

"என்ன எந்த நாள் கௌம்பச் சொன்னீங்க?"

முதலில் புரியவில்லை அவருக்கு. காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காலண்டரைப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பௌர்ணமி கயிச்சி இருக்கிறதே அந்த ஒரு நாள்தான் சரோஜா. காரியம் ஜெயிக்கணும், நல்ல நாளா குடுன்னு கேட்டாங்க. நான் இன்னா பண்றது? உன் டிக்கெட்டு சத்தியமா நெனப்புல இல்ல."

பொய் சொல்கிற முகம் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். என்னை ரயிலில் ஏற்ற நல்ல நாள் பார்த்த அதே மனுஷன், அந்த ரயிலையே நிறுத்தவும் அதே நாளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பஞ்சாங்கத்தில் தப்பே இல்லையாம். ராத்திரி சாப்பாட்டில் உப்புப் போட மறந்தேன். அவர் அப்படியே சாப்பிட்டார்.

டிச. 11, வியாழன்

என்ன செய்யலாம்:

மறியல் நாளை மாற்றச் சொல்வது. முடியாது. நோட்டீஸ் களமருதூர் வரை போய்விட்டதாம். "எம் பொண்டாட்டி ஊட்டிக்குப் போறா, நாள மாத்துங்கடா" என்று இவர் எந்த வாயால் சொல்வார்?

டிக்கெட்டை மாற்றுவது. பொங்கல் வரை இடமில்லை என்று கவுன்டரில் அப்போதே சொன்னார்கள். லீவும் கிடைக்காது. இரண்டு நர்ஸுக்கு ஒரே நேரத்தில் லீவு கொடுத்ததே டாக்டரம்மாவின் புண்ணியம்.

புதனே கிளம்புவது. ஊசி நாள். மலை இறங்கவே சாயங்காலம் ஆகிவிடும். சேலத்தில் ராத்திரியும் மறுநாள் பகலும் எங்கே கிடப்பது? பிரதமை வேறு.

அஞ்சலையிடம் உண்மையைச் சொல்வது. ?

டிச. 13, சனி

பனி. தொண்டை கட்டியிருக்கிறது. மஞ்சள் பால்.

இரண்டு நாளாகத் தலைக்குள் ஒரே இரைச்சல். எழுதிப் பார்க்கிறேன், தெளிகிறதா என்று.

எங்கள் பையன் குமாருக்குப் போன வருஷம் இன்ஜினியரிங் இடம் கிடைக்கவில்லை. கொஞ்சத்தில் போயிற்று. அன்றைக்கு இவர் மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதார். பிள்ளை பார்க்கக் கூடாது என்று அங்கே போனார். அதற்குப் பிறகுதான் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். அவர் கேட்பது தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? எனக்கும் வேண்டும்தான்.

அஞ்சலை அப்படி ஒதுக்கிய ஓர் இடத்தில் படித்துத்தான் நர்ஸ் ஆனாள். அவள் அம்மா இன்றைக்கும் கரும்பு வெட்டப் போகிறாள். ஓர் இடம் ஒரு வீட்டை எப்படித் தூக்கி நிறுத்தும் என்பதை நான் அவளிடம்தான் பார்த்தேன். அவளிடம் இருந்து பிடுங்கிக் கொடு என்று இங்கே யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் கொடு என்றுதான் கேட்கிறார்கள். பிறகு ஏன் அந்த ஜீப் அவள் இருக்கிற காலனிப் பக்கம் திரும்பினால் மட்டும் மைக்கை இன்னும் சத்தமாக வைக்கிறார்கள்?

தெளியவில்லை. ஸ்வெட்டரை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன்.

டிச. 15, திங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாந்தரக் கூட்டம். கருகிய பதிவேட்டை யாரும் கவனிக்கவில்லை. டீ வந்தபோது எல்லோரும் மறியல் பேச்சு. அஞ்சலை உள்ளே வந்ததும் பேச்சு மாறி வெயிலுக்குப் போயிற்று. டிசம்பர் மாதத்தில் வெயிலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அவள் என் காதில், "பாத்துக்கலாங்க்கா. மத்தியானத்துக்குள்ள வுட்டுருவாங்க. இல்லன்னா சந்து பொந்துல பூந்து போய்டலாம்" என்றாள். தங்கச்சி அமுதாவிடம் இருந்து ஒரு நல்ல பை வாங்கி வைத்திருக்கிறாளாம். ஜிப் வைத்தது.

நான் "ம்" என்றேன். நாள் குறித்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

டிச. 17, புதன்

கண்ணாடி மாதிரி வானம். மேலே இருந்து கோமுகி அணை முழுசாகத் தெரிந்தது. நான் பார்க்கவில்லை, அஞ்சலை சொன்னாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாறையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்ததும் கேட்டாள்.

"நாள் குறிச்சிக் குடுத்தது உங்க வூட்டுக்காரர்தானாமே? எங்க தெருவுல எல்லாம் பேசிக்கினு கீறாங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

தெரியும், ஒரு வாரமாகத் தெரியும், சொல்ல வெட்கமாக இருந்தது. இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வந்தது வேறு.

"எனக்கு இன்னா தெரியும்? ஆம்பிளைங்க பண்றதுக்கு நான் ஜவாபா? என்ன ஏன் நோண்டுற? போறதா இருந்தா நீ போயேன்!"

மலைக்காரப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் டப்பாவை மூடினாள். நான் என் தயிர்ச்சோற்றைத் தனியாகத் தின்றேன்.

வரும்போது எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பஸ் நிற்கும் இடத்தில் மட்டும், "அப்ப நீங்க வரலியா?" என்றாள்.

"தெரியல."

"சரிங்க."

அக்கா இல்லை. வெறும் சரிங்க.

வீட்டுக்கு வந்து சேர்ந்தால் அவர் வாசலிலேயே நிற்கிறார். சட்டை எல்லாம் புழுதி. மத்தியானத்தில் இருந்து சைக்கிளில் மூன்று ஊர் சுற்றியிருக்கிறார்.

"பால் வேன் ஒண்ணு காலைல நாலரைக்கு சேலம் போவுது. பேசிட்டேன். எட்டு மணிக்குள்ள தாண்டிப் பூடும். வழில அந்தப் பொண்ணையும் ஏத்திக்கினு போய்டு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் தண்டவாளத்துலதான் உக்காந்திருப்பேன். வீட்டுக்கு ஒரு ஆளு. அது மாறாது. ஆனா நான் நிறுத்தற வண்டில நீ இருக்கக் கூடாது" என்றார். "மாணிக்கத்துக்குத் தெரிய வேணாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்ததா சந்தோஷத்தில் வந்ததா தெரியவில்லை. அஞ்சலைக்குச் சொல்லி அனுப்ப ஆள் இல்லை. விடியற்காலையில் நேரில் போய் நின்று, மன்னிச்சுக்கோ என்று சொல்லி, வேனில் ஏற்றிக்கொள்வேன். புளிசாதம் இரண்டு பேருக்கும் கட்டியாயிற்று.

டிச. 18, வியாழன்

கடும் பனி. வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. அவர் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். "ஜன்னல் வழியா கைய நீட்டாத" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல.

காலனி தெருவுக்குள் வேன் போகாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நான் இறங்கி நடந்தேன். ஒன்பது வருஷத்தில் அவள் வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை. இந்தத் தெருவில் ஊசி போடுவது அவள் பொறுப்பு, அதனால் வரவில்லை என்று நடக்கும்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரை ஏமாற்ற?

அவள் அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். "நர்சம்மா! யாருக்கு இன்னா ஆச்சிங்க?"

அந்த அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிடுவார்கள். என் அம்மா வயது. "ஒண்ணும் இல்லம்மா. அஞ்சலைய கூப்புடுங்க, வேன் நிக்குது" என்றேன்.

"அவ நேத்து ராவு பஸ்ஸுக்கே கௌம்பிட்டாளே. நீங்க வரலன்னுட்டீங்களாம். ஒண்டியா எப்பிடிப் போவன்னு சின்னவள இட்டுக்கினு போனா." என் முகத்தைப் பார்த்தார். "நீங்கதான் போவச் சொன்னீங்கன்னா... இல்லீங்களா?"

என் டிக்கெட். என் லீவு. என் மலை. ஒரு வார்த்தை சொல்லாமல். இல்லை, ஒரு வார்த்தை சொன்னது நான்தான். அதைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

மெயின் ரோட்டில் வேன் ஹாரன். நான் "இல்லை" என்றால் அவர் மகள்கள் இரண்டு பேரும் என் இடத்தைத் திருடிக்கொண்டு போனதாக ஆகிவிடும். இன்றைக்கு, இந்த ஊரில்.

"ஆமாம்மா. நான்தான் போகச் சொன்னேன். இங்க இருந்தா வழி அனுப்பலாம்னு வந்தேன்."

அவருக்கு மூச்சு வந்தது. முந்தானையால் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரப் போனேன். அதற்குள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாக, "தப்பா நெனைக்காதீங்க நர்சம்மா. இன்னிக்கு நீங்க இங்க உக்காரக் கூடாதுங்க. உங்க ஆளுங்க தேடிக்கினு வந்தா எங்களுக்குத்தான் வம்பு. கௌம்புங்க" என்றார்.

கிளம்பினேன்.

வேன்காரர், "அதனால இன்னாங்க, ஏறுங்க, சேலத்துல போய்ப் புடிச்சிக்கலாம்" என்றார். பிடிக்கலாம்தான். ராத்திரி வரை ஸ்டேஷனில் தேடினால் கிடைப்பார்கள். என்னைப் பார்த்த நிமிஷம் அமுதா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. அவளை அப்படித்தான் வளர்த்திருப்பார்கள். நான் பார்க்க நினைத்தது அதை இல்லை. வேனைப் போகச் சொல்லிவிட்டு மூன்று கிலோமீட்டர் நடந்தேன்.

ரயில்வே கேட் பக்கம் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். அவர் என்னையும் பையையும் பார்த்து ஓடிவந்தார்.

"வேன்காரன் எறக்கி வுட்டுட்டானா?"

"இல்ல. அஞ்சலை நேத்தே போய்ட்டா."

"உன்ன வுட்டுட்டா?"

மாணிக்கம் பின்னாலிருந்து, "அண்ணி, வூட்டுக்கு ஒரு ஆள் போதும், நீங்க போங்க" என்று சிரித்தான். அவனை அறைந்திருப்பேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டு வீடு வரை வந்து விட்டுவிட்டு, திரும்பப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்.

பாசஞ்சர் வந்து நின்ற சத்தம் இங்கே வரை கேட்டது. விட்டு விட்டு ஊதியது. புளிசாதத்தை மாட்டுக்கு வைத்தேன். அவரை எல்லோரோடும் போலீஸ் பிடித்து வைத்திருந்து சாயங்காலம் விட்டது. கால் முட்டியில் சிராய்ப்பு. மருந்து போட்டேன். காரியம் ஜெயமா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

அஞ்சலை மேல் கோபமா? ஆமாம். பயங்கரக் கோபம். திங்கட்கிழமை வரட்டும் என்று நினைக்கிறேன். வந்தால் என்ன கேட்பது என்று யோசித்தால் ஒன்றுமே கிடைக்கவில்லை.

டிச. 19, வெள்ளி

லீவு. வேலை இல்லை. துணி ஊறவைத்தேன். மாடு கன்றை எத்துகிறது, டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

மணி ஏழேகால். வண்டி புறப்பட்டிருக்கும்.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அந்தச் சீட்டில் என் பெயர் எழுதியிருக்கிறது. சரோஜா, பெண், 42. டிக்கெட் பரிசோதகர் வந்து கேட்டால் அமுதா என்ன சொல்வாள்? பதினெட்டு வயது. ரயிலே முதல் தடவை. அஞ்சலை சமாளிப்பாள், வாய் உள்ளவள். ஆனால் அவர் சின்னவளைப் பார்த்துக் கேட்டால்? நான்தான் சரோஜா என்று சொல்லட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. பயந்துபோய் எழுந்து நின்றுவிடாமல் இருந்தால் போதும். யார் வந்து கேட்டாலும் எழுந்திருக்க வேண்டாம்.